மிளகாய்த்தூளுக்குள் பற்றரி

பவளம் ரீச்சர் காலமான செய்தி, லண்டன் டூட்டிங்கில் மரக்கறிக் கடையில் நிற்கும்போது வந்தது. தொலைபேசியில் அவருடைய மகள். "அன்ரி, அம்மா போயிட்டா." எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. அவள் இரண்டாம் முறை உரத்துச் சொன்னபோது, பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கிங்ஸ்பரியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எழுத்துத் தொடங்கும் அரிவரி வகுப்பு அவருடையது. பக்கத்து அறை என்னுடையது. எதையும் வெளியே தெரியக் கொண்டுவர மாட்டார். பிள்ளைகளுக்கான பிஸ்கட்டைக்கூடத் துவாயில் சுற்றி, அதன்மேல் குடையை வைத்துத்தான் கொண்டுவருவார். "ஆர் பறிக்கப் போகினம், ரீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒருதரும் இல்லை. கை அப்பிடிப் பழகிப்போச்சு" என்றார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எங்கள் நாடு ஒரே சாலையின் நடுவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இந்தப் பக்கம் அரசின் ஆட்சி, அந்தப் பக்கம் இயக்கத்தின் ஆட்சி. அங்கே கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. லண்டனுக்கு வருமுன், மாவுக்குள்ளும் கொண்டைக்குள்ளும் பற்றரி வைத்து அந்த எல்லையைக் கடந்தவர் ரீச்சர். எல்லாம் கிளிநொச்சியில் இருந்த அவருடைய அப்பாவுக்காக. அப்பாவுக்குக் காது கேளாது. காதில் வைக்கும் கருவி இருந்தது. மகள் நாட்டை விட்டு வந்தபின் அதற்குப் பற்றரி இல்லை. "ஷெல் சத்தம் கேக்காமல் நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" என்று அப்பா எழுதியதை ரீச்சர் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிந்ததும், "நான் போய்க் கூப்பிட்டாலும் கேக்காதே" என்பார்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது இருவரும் ஒன்றாகப் புறப்பட்டோம். எனக்கு யாழ்ப்பாணத்தில் அக்கா, அவருக்குக் கிளிநொச்சியில் அப்பா. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை. அப்போது பற்றரித் தடையும் நீங்கியிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பைகளைச் சோதித்த பெண் சிப்பாய், ரீச்சரின் மிளகாய்த்தூள் டின்னை ஒரு தாளில் கவிழ்த்தாள். அவள் தும்ம, பின்னால் நின்ற வரிசையும் தும்மியது. தூளுக்குள் பொலித்தீனில் சுற்றிய சிறு பற்றரிப் பொட்டலம் ஒன்று கிடந்தது.

"அக்கா, பற்றரியையும் வறுத்து இடிச்சோ கொண்டுபோறியள்?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்களைத் தள்ளி நிறுத்தினார்கள். ஓரளவு தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். "இது கொண்டு போக ஏலும். அப்ப ஏன் ஒளிச்சது?"

நியாயமான கேள்விதான். பொட்டலம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஏலும் எண்டு தெரியும், தம்பி. ஒளிக்காமல் கொண்டுபோகத்தான் தெரியாது" என்றார் ரீச்சர். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். "அப்பாவுக்கு."

அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து, சட்டைப் பொத்தான் போன்ற பற்றரி ஒன்றை விரல்நுனியில் வைத்துப் பார்த்தார். திரும்பச் சுற்றி ரீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். "கையில வச்சுக்கொண்டு போங்க."

மிச்ச வழி முழுவதும் ரீச்சர் அந்தக் கையை மடியில் விரித்து வைத்திருந்தார். வாகனம் குலுங்கும்போதெல்லாம் விரல்கள் தாமாக மூடின. அவற்றை அவர் மறுபடி திறந்தார்.

கிளிநொச்சியில் நானும் கூட இறங்கினேன். அப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "அப்பா! நான் பவளம்!" என்ற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள், அப்பா நிமிரவில்லை. தோளில் தொட்டபிறகுதான் பார்த்தார். சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு மகளின் முகத்தைப் பிடித்தார். ரீச்சர் கருவியில் பற்றரியைப் போட்டு அவர் காதில் பொருத்தினார். பொருத்திவிட்டு, "அப்பா! சாப்பிட்டியளோ!" என்று அதே குரலில் கத்தினார்.

"ஏன் பிள்ளை கத்துறாய்? எனக்குக் கேக்குது."

காற்றில் வாசல் படலை கிரீச்சிட்டது. "இதுக்கு எண்ணெய் விட வேணும்" என்றார் அப்பா.

அந்தப் பாதை பின்னர் மறுபடி மூடப்பட்டது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எல்லை திறப்பது என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், நான் வரைபடம் காட்டுவதில்லை. மிளகாய்த்தூள் டின்னைத்தான் உதாரணம் சொல்வேன். கதவு ஒரு நாளில் திறந்துவிடுகிறது. கைக்கும் குரலுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரக் காலம் எடுக்கிறது.

ரீச்சரைக் கடைசியாகப் பார்த்தது மருத்துவமனையில். கண் மூடிக் கிடந்தார். நான் குனிந்து, "ரீச்சர், நான் வந்திருக்கிறன்!" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. "கத்தாதேங்கோ, ரீச்சர். கேக்குது" என்றார்.

இப்போது என் காதிலும் கருவி வந்துவிட்டது. அதற்கான பற்றரியை வாங்கிக்கொண்டு நேற்றுக் காதுச் சிகிச்சை நிலையத்திலிருந்து நடந்து வந்தேன். கைப்பை தோளில்தான் தொங்கியது. பற்றரியை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.