திங்கள்கிழமை கொடுத்தால் போதும்

டிம்ப்னா கில்ஹூலியின் துணிக்கடைக்கும் என் செருப்புக்கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் ஒரு கதவு. மழை நாளில் அவள் தேநீர்க் கோப்பையோடு இந்தப் பக்கம் வருவாள், வெயில் நாளில் நான் அந்தப் பக்கம் போவேன். அயர்லாந்தில், மேயோவின் மேற்குக் கரையில் வெயில் நாள் எத்தனை என்று கேட்காதீர்கள். முப்பத்தோரு வருஷத்தில் அவள்தான் அதிகம் வந்திருக்கிறாள்.

நல்ல உயரம், ஒல்லி. கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஆனால் அதை யார் மேலாவது வைத்து அளந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி வாசலில் நுழையும்போதே இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று டிம்ப்னாவின் கண் எடுத்துக்கொள்ளும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், அளவுக்குச் சரியாக ஒன்றும் கடைக்கு வரவில்லை என்பாள். ஊர் முழுக்க அவளை மிஸ் கில்ஹூலி என்றுதான் கூப்பிட்டது. டிம்ப்னா என்று பேர் சொன்னது நான் ஒருத்திதான்.

ஜூன் பிறந்தால் கடை ஜன்னலின் உள்பக்கம் மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை ஒட்டிவிடுவாள், வெயிலில் துணி வெளுத்துப் போகாமல் இருக்க. வருகிற நாலு நாள் வெயிலுக்கு இத்தனை ஏற்பாடா என்று நான் கிண்டல் செய்வேன். அந்தக் காகிதத்தின் தயவால் கடைக்குள் இருக்கிற எல்லாக் கவுனுக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும். எது நீலம், எது பச்சை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அதனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். எங்கள் பக்கத்துத் துணிக்கடைகளில் எல்லாம் அந்தப் பழக்கம் இருந்தது, ஆனால் டிம்ப்னா மாதிரி தாராளமாக யாரும் கொடுத்ததில்லை. மூன்று கவுனைப் பழுப்புக் காகிதத்தில் மடித்து, நூல் கட்டி, விரலில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம் விட்டு நீட்டுவாள். சீட்டு கிடையாது, முன்பணம் கிடையாது. வீட்டுக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு குறை சொல்லி முடித்தபின் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்ப வேண்டியது. “திங்கக்கிழமை குடுத்தா போதும்” என்பாள். கோடை முழுக்க அவள் கடையில் பாதி ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் அப்படி இல்லை. கவுன் பேசாது, செருப்பு பேசும். ஒரு தடவை தெருவில் நடந்தால் போதும், அடிப்பாகம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று கேட்டவர்களுக்கு நாற்காலியைக் காட்டுவேன். உட்கார், போட்டுப் பார், வாங்கு, கிளம்பு. அவ்வளவுதான்.

ஃபிடெல்மா மலைப்பக்கத்துக்காரி. புருஷன் மார்ட்டினுக்கு இருந்த நிலத்தில் பாதி கல், மீதி கோரைப்புல். ஐந்து பிள்ளைகள். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளன்று எங்கள் ஊரில் படகுப் போட்டி நடக்கும். இங்கிலாந்தில் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் அதற்கு ஊர் திரும்புவார்கள். ஃபிடெல்மாவின் நாத்தனார்கள் மூன்று பேரும் காவென்ட்ரியிலிருந்து பளபளவென்று வந்து இறங்குவார்கள். அதற்கு முந்தின வாரம் ஃபிடெல்மா மூன்று கவுன் எடுத்துப் போவாள். திருநாள் முடிந்த திங்கள்கிழமை மூன்றையும் கொண்டு வருவாள்.

“மூணும் பிடிக்கல, மிஸ் கில்ஹூலி.”

“போகட்டும்மா. அடுத்த வருஷம் பார்ப்போம்.”

இப்படி எட்டு வருஷம். அவள் போனபின் டிம்ப்னா பொட்டலத்தைப் பிரிப்பாள். மூன்றில் ஒன்றில் கரி அடுப்புப் புகை வாசம் இருக்கும், ஓரத்தில் ஒரு புல் ஒட்டியிருக்கும். பிரஷ் போட்டுத் துடைத்து, கொல்லைக் கொடியில் காயப்போட்டு, ஜன்னலில் வெளுத்தது என்று சொல்லி யாருக்காவது குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவாள். மஞ்சள் காகிதம் ஒட்டிய ஜன்னலில் எப்படி வெளுக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்குத்தான் பொறுக்காது. அவள் உன்னை ஏமாற்றுகிறாள் என்று ஒருநாள் சொல்லியே விட்டேன்.

“ஏமாத்தணும்னா நான் ஏமாறணுமில்ல, ஊனா” என்றாள் டிம்ப்னா. “நான் எங்க ஏமாந்தேன்?”

ஒன்பதாவது வருஷம் வந்த கவுன் நீலம், வெள்ளைக் காலர். ஃபிடெல்மா எடுத்துப் போன மறுநாள், கோடை வீட்டுக்கு வந்திருந்த டப்ளின் டாக்டரின் மனைவி அதைத் தேடி வந்தாள். அதற்கு முந்தின நாள் பார்த்து வைத்திருந்தாளாம். விற்றுப்போச்சு என்று டிம்ப்னா சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நேரே என் கடைக்கு வந்து கேன்வாஸ் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டே புலம்பினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். திங்கள்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள், திரும்பி வந்துவிடும் என்றேன்.

ஏன் சொன்னேன்? டிம்ப்னாவின் வியாபாரம் போகிறதே என்று சொன்னதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஃபிடெல்மா மேல் எனக்கு எரிச்சல். அவ்வளவுதான் விஷயம்.

திருநாளன்று அந்த நீலக் கவுனில் ஃபிடெல்மா படகுத்துறையில் நின்றாள். காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்கள் மூன்று பேரும் அவள் பக்கத்தில் மங்கலாகத்தான் தெரிந்தார்கள்.

திங்கள்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா துணிக்கடையில் நின்றாள். கூட நாலைந்து பேர். நான் நடுக்கதவில் நின்றேன். ஃபிடெல்மா பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

“அன்னிக்கு இந்த நீலத்தைப் போட்டிருந்தது நீங்கதானே? ரொம்ப நல்லா இருந்துச்சே” என்றாள் டாக்டரம்மா. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாவம். “திருப்பிக் குடுக்கவா வந்தீங்க?”

ஃபிடெல்மாவின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு மேலே ஏறியது.

டிம்ப்னா கவுண்டரைச் சுற்றி வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “திருப்பறதுக்கில்லைங்க. ஓரம் இறங்கியிருக்கு, மடிச்சுத் தைச்சுத் தர்றேன்னு நான்தான் கொண்டு வரச் சொன்னேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கம்மா, ஃபிடெல்மா.”

ஃபிடெல்மா அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். யார் வேலை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வெளியே போனாள்.

டிம்ப்னா அன்று மத்தியானமே கவுனின் ஓரத்தை மூன்று விரல்கடை மடித்துத் தைத்தாள். வியாழக்கிழமை ஃபிடெல்மா வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. துணிக்கடை வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தாள். நீலக் கவுன் கடையின் பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. ஒரு மாதம் டிம்ப்னா என் பக்கம் தேநீரோடு வரவில்லை. கடைசியில் நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

“தப்பு உன்னோடது மட்டுமில்ல” என்றாள். “தைச்சுத் தர்றேன்னு சொன்னேன் பாரு, அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே எந்த மூஞ்சியோட வருவா?”

அந்தக் குளிர்காலம் முழுக்க, கடல் உள்வாங்கும் நேரங்களில் ஃபிடெல்மா பாறைகளில் குனிந்து கடல் நத்தை பொறுக்குவதைப் பார்த்தேன். பிரான்சுக்கு அனுப்புகிற வியாபாரி மூட்டை மூட்டையாக வாங்குவான். பிள்ளைகளின் பூட்ஸுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆகஸ்டில் டிம்ப்னா பழுப்புக் காகிதப் பொட்டலத்தோடு வந்து, உன் வேனை எடு என்றாள். மலைப்பாதை முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். வெயில் அதிகம், ஜன்னலில் துணி வைக்க முடியவில்லை, நீ போட்டு நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், எனக்கு உதவியாக இருக்கும். இப்படி ஒன்று. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் சிரிக்காமல் வேனை ஓட்டினேன்.

ஃபிடெல்மா வாசல் கேட்டுக்கு வந்தாள். கையெல்லாம் வெடித்திருந்தது. டிம்ப்னா வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“அந்த நீலம் இன்னும் இருக்கா, மிஸ் கில்ஹூலி?”

டிம்ப்னாவுக்கு ஒத்திகை எல்லாம் மறந்து போயிற்று. “இதுலதான் இருக்கு. கூட ரெண்டு புதுசு. பார்த்துட்டு, திங்கக்கிழமை...” என்றவள் பொட்டலத்தை நீட்டினாள். ஃபிடெல்மா நூல் வளையத்தில் விரலை நுழைத்து வாங்கிக்கொண்டாள்.

திருநாளுக்கு அடுத்த திங்கள்கிழமை துணிக்கடை நிறைய வெளியூர்க்காரர்கள். நான் நடுக்கதவில்தான் நின்றேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு. ஃபிடெல்மா வந்து பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தாள்.

“ரெண்டு பிடிக்கல, மிஸ் கில்ஹூலி” என்றாள் சத்தமாக.

பொட்டலத்தின் பக்கத்தில் நீலத்துக்கான விலையை வைத்தாள். நத்தைக் காசு. டிம்ப்னா அதை எண்ணவில்லை. குறைக்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “போகட்டும்மா, அடுத்த வருஷம் வேற பார்ப்போம்” என்றாள், வழக்கம்போல. அளவு நாடாவை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டிம்ப்னா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவள் கடையில் இப்போது சர்ஃப் பலகை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். ஜூன் மாதம் அந்த ஜன்னலில் மஞ்சள் காகிதம் இல்லை. அவளை நினைக்கும்போது முதலில் வருவது அந்தத் திங்கள்கிழமைதான்.

ஏனென்றால் ஃபிடெல்மா அன்று வாசலுக்குப் போகவில்லை. திரும்பி நடுக்கதவுக்கு வந்து, என் எதிரே நின்றாள்.

“நீலத்துக்குச் சேர்ற மாதிரி வெள்ளைச் செருப்பு இருக்கா, ஊனா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பார்க்கணும்.”

கடை முழுக்க என்னைப் பார்த்தது. டிம்ப்னாவும் பார்த்தாள். நான் நாற்காலியைக் காட்டவில்லை. மூன்று ஜோடியை எடுத்து, டிம்ப்னாவிடமே பழுப்புக் காகிதமும் நூலும் வாங்கிக் கட்டினேன். எனக்கு அந்த வளையம் போட வரவில்லை. கோணல்மாணலாக ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்து, திங்கள்கிழமை கொடுத்தால் போதும் என்றேன்.