ஞானராஜ் சார் வைத்த பென்சில் கோடு

ஞானராஜ் சாரின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஊரப்பாக்கத்திலிருந்து வந்தது. அந்த ஊர் சவரிமுத்து ஹெட்மாஸ்டர் காலையிலேயே செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்துத் தாம்பரம் வந்து இறங்கியவர், ஸ்டேஷன் படியில் என்னைப் பார்த்து, "வரதராஜன், நீங்க இன்னும் அங்க போகலையா?" என்று கேட்டார். "எங்கே சார்?" என்றேன். "ஞானராஜ் சார் வீட்டுக்கு. அவர் போயிட்டாரே" என்றார். இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து ஏன் யாரும் சொல்லியனுப்பவில்லை என்பது இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

நம் குடியிருப்போர் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். நான் பயந்த சுபாவம். பால் பொங்கும் முன்பே அது பொங்கி வழிந்துவிட்டதாகக் கவலைப்படுகிறவன். என் மனைவி கமலாதான், "எழுதிடுங்க. இல்லேன்னா ஒரு வருஷம் புலம்பிட்டே இருப்பீங்க" என்றாள். அவள் சொன்னது சரி.

ரயில்வே அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் என் பக்கத்து நாற்காலி அவருடையது. போகும்போதும் வரும்போதும் அதே மின்சார ரயில், அதே பெட்டி. அலுவலகத்தில் அவர் ஒரு சீனியர் கிளார்க், அவ்வளவுதான். தாம்பரத்தில் இறங்கிவிட்டால் அவர் வேறு ஆள். பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரை யார் வீட்டில் பாட்டுப்பெட்டி சரியாகப் பாடவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாட்களில் செட் முழுசாக வாங்க யாருக்கு வசதி இருந்தது? ஆம்ப்ளிஃபையர் சிங்கப்பூரிலிருந்து வரும் மச்சான் கொண்டுவந்ததாக இருக்கும். ஸ்பீக்கர் மூர் மார்க்கெட்டில் பொறுக்கியது. ரெக்கார்ட் பிளேயர் ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ விட்டுப் போனது. மூன்றையும் ஒயரால் இணைத்துவிட்டு, தேன் பாயும் என்று காத்திருப்போம். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது மாதிரி கேட்கும். ஞானராஜ் சார் வந்து ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இதுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது? ஜாதகம் பாத்தீங்களா?" என்பார். ஞாயிறு தவறாமல் கோயில் பாடகர் குழுவில் பாடும் கிறிஸ்தவர் அவர். ஜாதகத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசும்போது நாங்கள் சிரிப்போம்.

"மொதல்ல ஓம் பொருத்தம் பாக்கணும்" என்பார். ஓம் என்பது மின்தடையின் அளவு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்த ஆம்ப்ளிஃபையரில் நாலு ஓமைக் கட்டினால் அது சூடாகிச் செத்துப்போகும் என்பதை எங்கள் எல்லோருக்கும் அவர்தான் சொன்னார். அவருடைய இன்னொரு வாக்கு, "சின்னதுக்குப் பெருசு ஜோடி இல்ல." நான் அப்போது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு டூரிங் தியேட்டரில் கழித்துப்போட்ட பெரிய ஸ்பீக்கர்களை மாட்டியிருந்தேன். அவர் அவற்றைக் கழற்றி வெளியே வைத்து, வேறு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து மாட்டினார். அப்போதும் எங்கேயோ ஒரு உறுமல். நான் ஆம்ப்ளிஃபையர் எரியப்போகிறது என்று ஸ்விட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் அறை முழுக்கக் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் இரும்பு பீரோவின் கைப்பிடியை விரலால் பிடித்தார். உறுமல் நின்றது. "இது ஸ்பீக்கர் இல்லப்பா, உன் பொண்டாட்டியோட பீரோ பாடிக்கினு கீது" என்றார். கைப்பிடியில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்ததும் அவர் ஒன்று செய்வார். ஒலியைக் கூர்மையாக்கும் ட்ரெபிள் குமிழ், கனமாக்கும் பாஸ் குமிழ் இரண்டையும் திருப்பித் திருப்பிக் கேட்டு, சரியான இடம் வந்ததும் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போடுவார். "இதைத் தொட்டா பொருத்தம் கெட்டுடும்" என்று எச்சரிப்பார். அந்தக் கோட்டை யாரும் தாண்டியதில்லை. அவருடைய காதை நாங்கள் அவ்வளவு நம்பினோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில் அந்தக் காது மாற ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது கமலா. ரெக்கார்ட் பிளேயரில் புதிதாக ஊசி மாற்றிவிட்டுப் புதிய கோடும் போட்டுவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனதும், "ஏங்க, காதுல ஊசி குத்தறாப்ல இல்ல?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் சார் வைத்ததாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளே போய் ட்ரெபிளைக் குறைத்தாள். பாட்டு பாட்டாக ஆயிற்று. ஒரு வாரம் கழித்துத் தெருமுனையில் அவர் சைக்கிளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குமிழை அவர் போட்ட கோட்டுக்கே கொண்டுவந்து வைத்தேன். அவர் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டு, "இப்பதான்டா உசுரு வந்திருக்கு" என்று மகிழ்ந்தார். கமலா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முழு ரெக்கார்டையும் கேட்டேன்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். பிறகு ஒவ்வொருவராகக் காதோடு காதாகச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவர் செட் அமைத்துக் கொடுத்த ஐந்து வீட்டிலும் இதே நாடகம்தான். அவர் வந்தால் ஏற்றுவது, போனால் இறக்குவது. உயர்ந்த ஓசைகள் அவர் காதைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அதனால் தனக்குக் கேட்கும் வரை குமிழைத் திருப்பினார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த மனிதருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அதை எப்படிப் பிடுங்குவது? பூனைக்கு மணி கட்டுவது யார் என்று இரண்டு வருடம் ஓட்டினோம்.

ஊரப்பாக்கத்து விவகாரம் வராமல் இருந்திருந்தால் நான் சாகும்வரை மென்று விழுங்கிக்கொண்டு இருந்திருப்பேன். சவரிமுத்து ஹெட்மாஸ்டரின் மனைவி ரெஜினாம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். பொழுது போகட்டும் என்று ஞானராஜ் சார் அவருடைய அறையிலேயே ஒரு செட்டைப் பொருத்திக் கொடுத்தார். மூன்று ஞாயிறு அதற்காக உழைத்தார். ஒரு நாள் அவர் கொடுத்தனுப்பிய ஊசியோடு நான் அங்கே போனேன். ஹெட்மாஸ்டர் எனக்குச் சோடா வாங்க வெளியே போனதும் அந்த அம்மாள் மெல்லிய குரலில் கூப்பிட்டார்.

"தம்பி, அதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? ஜால்ரா வரும்போதெல்லாம் மண்டைக்குள்ள அடிக்குது. சாயங்காலம் வரைக்கும் தலைவலி."

"ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"அவரு கோட்டைப் பாத்து வெக்கிறாருப்பா. சார் போட்ட கோடுன்னா போட்ட கோடுதான். வேணாம் நிறுத்துங்கன்னு சொன்னா, சார் இவ்ளோ பாடுபட்டாரேன்னு அவருக்கு மனசு சங்கடம். நான் பொறுத்துக்கறேன். நீ யாருகிட்டயும் சொல்லிடாதே."

நான் குமிழைக் குறைத்தேன். சோடாவோடு உள்ளே வந்த ஹெட்மாஸ்டர், கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "யாரோ கை வெச்சிருக்காங்க" என்று அதைத் திரும்பக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். ரெஜினாம்மா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். எழுந்து நடக்கிற நாங்கள் குமிழைத் திருப்பிக்கொண்டோம். அந்த அம்மாளால் படுக்கையிலிருந்து குமிழை எட்டக்கூட முடியாது. ஹெட்மாஸ்டரிடம் நான் உண்மையைச் சொன்னால் அவர் மறுநாளே போய் அதை ஞானராஜ் சாரிடம் ஒரு நோட்டீஸ் மாதிரி வாசித்துவிடுவார். நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ரயிலில் ஆரம்பித்தேன். பல்லாவரம் தாண்டுவதற்குள் பேச்சை அலுவலகப் பதவி உயர்வுக்கு மாற்றிவிட்டேன். செவ்வாயன்று பிளாட்பாரத்தில், "சார், உங்க காது..." என்று தொடங்கி, "காது குத்து விசேஷம் ஒண்ணு இருக்கு" என்று முடித்தேன். இல்லாத விசேஷத்துக்கு அவர் தேதி கேட்டார். புதன்கிழமை சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரெஜினாம்மாவின் தலைவலி, ஐந்து வீடு, தெருமுனையில் சைக்கிளைப் பார்த்ததும் நாங்கள் ஓடுகிற ஓட்டம், எல்லாம்.

அவருடைய டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

"எத்தினி நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

"ரெண்டு வருஷமா நான் வர்றப்பல்லாம் காது வலியப் பொறுத்துக்கினு எனக்குக் காபி குடுத்துக்கினு இருந்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குக் கண் கலங்கியது கேட்காத காதுக்காக இல்லை. "இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சா வரது? அவ்ளோ தூரத்து மனுஷனா நானு?" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைக் கோபித்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

உடனே பஸ் ஏறினார். நானும் ஏறினேன். ஊரப்பாக்கத்தில் இறங்கி நேராக ரெஜினாம்மா அறைக்குப் போய், எச்சிலைத் தொட்டுத் தன் கோட்டைத் தானே அழித்தார். "அம்மா, நான் திருப்பிக்கினே வரேன். நல்லா இருக்கிற எடத்துல விரலைத் தூக்குங்க" என்றார். குமிழ் இறங்கியது. பாதி தூரத்துக்கும் கீழே வந்த பிறகு ரெஜினாம்மாவின் விரல் எழுந்தது. அவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஞானராஜ் சார் அங்கே புதிதாகக் கோடு போட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்குப் போர்வைக்குள்ள பாடுறாப்ல கேட்டுச்சு. ஆனா அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா?" என்றார். ஒரே வாரத்தில் மற்ற ஐந்து வீட்டுக்கும் போய்க் கோடுகளை அழித்தார். எல்லோரையும் திட்டினார். கமலாவிடம், "ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?" என்றதற்கு அவள், "நீங்க அவ்ளோ சந்தோஷமா கேட்டீங்க சார்" என்று அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகும் அவர் செட் அமைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஓம் பொருத்தம் பார்க்கக் காது வேண்டாமே. கடைசிக் குமிழைத் திருப்பும்போது மட்டும் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். நெற்றி சுருங்கினால் குறைப்பார். முன்னைவிட நன்றாகவே அமைந்தது என்று சொன்னால் மிகையில்லை. வருடம் போகப்போகப் பேச்சும் அவருக்குக் கேட்காமல் போயிற்று. ரயிலில் என் உதட்டைப் பார்த்தே நான் பேசுவதைப் புரிந்துகொண்டார்.

இப்போது கடைசி விஷயம். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர் குடும்பத்தை வெளியே அழைத்து, ஈரலில் வந்த புற்றுநோய் பரவிவிட்டது, இன்னும் ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்று சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் மனைவி கிரேஸ் அக்கா முடிவெடுத்தார். வெறும் காமாலை என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். எனக்குத்தான் தலையாட்டப் பழக்கமாயிற்றே.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்கா பழச்சாறு வாங்கப் போயிருந்தார். ஞானராஜ் சார் என் கையைப் பிடித்தார். "எல்லாரும் என்கிட்ட சிரிச்சுக்கினே பேசறாங்க வரது. டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றார். அக்காவுக்குத் தலையாட்டியிருக்கிறேன். இவருக்கும் அந்த டீக்கடைக் கேள்வியின் கடன் இருக்கிறது. குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "சத்தமா சொல்லுப்பா" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவருடைய மூக்குக்கண்ணாடியும் கையருகே இல்லை. அந்த வார்டில் பதினெட்டு கட்டில். பதினெட்டு கட்டிலும் கேட்கும்படி, வாசலில் டம்ளரோடு வந்து நின்ற கிரேஸ் அக்காவும் கேட்கும்படி, என் நண்பனுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்று நான் கத்திச் சொன்னேன்.

அக்கா, அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை; அவர் போனதையும் சொல்லியனுப்பவில்லை. அது உங்கள் உரிமை. நான் செய்தது சரியா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. தினமும் காலையில் விழித்ததும் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஆனால் நீங்கள் வாசலிலிருந்து திரும்பிப் போய்விட்டதால் உங்களுக்குக் கேட்காமல் போன ஒன்று இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதை நானே வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் அழவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்து, "இந்தத் தடவ நீ லேட் பண்ணல வரது" என்றார்.