மெஷினில் எழுதிய எத்து

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா இன்றைக்கும் தவறாமல் ஒரு கதை சொல்வார். முதுகு வலிக்கிறது என்று மனைவி சொன்ன ஒரே காரணத்துக்காக, விறகு பிளக்கும் மெஷினுக்கு லிஃப்ட் வைத்துக் கொடுத்த புருஷன் பெங்களூரிலேயே அவர் ஒருவர்தானாம். கேட்கிறவர்கள் அம்மாவைப் பார்த்து, கொடுத்துவைத்தவர் என்பார்கள். இடுப்பில் பெல்ட் கட்டிய அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய்க் காபி போடுவாள்.

அப்போது நீலசந்திராவில் எங்களுக்கு விறகு டிப்போ இருந்தது. பிரியாணிக் கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் அங்கிருந்துதான் விறகு போகும். கோடாலி போய் மெஷின் வந்துவிட்டிருந்தது. அதன் மேடையில் கட்டையை வைத்து லீவரை இழுத்தால், இரும்பு ஆப்பு நகர்ந்துவந்து கட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். பிளப்பது மெஷின் பாடு. கட்டையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைப்பது மனுஷர் பாடு. ஒரு முனையைச் சம்பளத்துக்கு இருந்த லோடர் மாமா பிடிப்பார், மறுமுனையை அம்மா பிடிப்பாள். அப்பா கல்லாவில் இருப்பார். அவர் எழுந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

லோடர் மாமா கன்னடக்காரர். "எத்து அக்கா, எத்து!" என்று அவர் குரல் கொடுக்க, அம்மா மூச்சைப் பிடித்துத் தூக்குவாள். கன்னடத்தில் எத்து என்றால் தூக்கு. தமிழில் எத்து என்றால் காலால் உதைப்பது. அவர் எத்தச் சொல்கிறாரே என்று நானும் ஒருநாள் கட்டையை ஓங்கி உதைத்து, கட்டைவிரல் வீங்கிப் படுத்திருந்தேன். அம்மா என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அவள் சிரித்து நான் பார்த்ததே குறைவு, அதனால் மறக்கவில்லை.

ஒருநாள் புளியங்கட்டையைத் தூக்கும்போது அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் விறகுக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி பளு தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு அம்மா அப்பாவிடம் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"எனக்குப் பதிலா வேற ஆளு போடுங்க. நான் வீட்ல தையல் பாத்துக்கறேன்."

அப்பா ஆளைக் கூட்டிவரவில்லை. ஹெப்பகோடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாவைக் கூட்டிவந்தார்.

சித்தப்பா கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. பழைய இரும்புச் சாமான் விற்கும் குஜரிக் கடையில் ஒரு பழைய சிலிண்டரைத் தேடிப் பிடித்து, மெஷினின் எண்ணெய்க் குழாயிலிருந்தே அதற்கு ஒரு கிளை கொடுத்தார். தரையோடு கிடக்கும் ஓர் இரும்புத் தட்டைக் கீல் வைத்துப் பொருத்தினார். கட்டையைத் தட்டில் உருட்டிவிட்டு இரண்டாவது லீவரை இழுத்தால், தட்டு கட்டையோடு மேலெழுந்து அதை மேடையில் சாய்க்க வேண்டும். முதல் சோதனையில் கட்டை மேடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. தடுப்பாக இரண்டு கம்பிகளை வெல்டிங் அடித்ததும் சரியாகிவிட்டது.

இரண்டு லீவரும் ஒரே மாதிரி இருந்ததால், எது எது என்று பெயின்டில் எழுதி வைக்கச் சொன்னார் சித்தப்பா. அந்த மெஷினை ஓட்டப்போவது தான்தான் என்று நினைத்த லோடர் மாமா, தனக்குப் படிக்கத் தெரிந்த கன்னடத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு தூக்குகிற லீவருக்குப் பக்கத்தில் சிவப்பில் 'எத்து' என்று எழுதினார். எனக்கு அப்போது கன்னட எழுத்து தெரியாது. அவர்தான் வாசித்துக் காட்டினார்.

ஆயுத பூஜையன்று லிஃப்டுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். முதல் கட்டையைத் தூக்கும் பெருமையை எனக்குக் கொடுத்தார்கள். தட்டு எழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். நாளையிலிருந்து தையல் மெஷின் முன்னால் உட்காரப்போகிறோம் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். பூஜை முடிந்ததும் அப்பா லோடர் மாமாவைத் தனியாக அழைத்து, பொரிப் பொட்டலமும் புதுச் சட்டையும் கொடுத்து, மெதுவான குரலில் ஏதோ சொன்னார். மாமா அந்தச் சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வரவில்லை.

அம்மா கேட்டாள். அப்பா கணக்கு சரியாகத்தான் வைத்திருந்தார்.

"அதான் லிஃப்டு தூக்குதே. இன்னும் எதுக்கு ரெண்டு ஆளு? உனக்காகத்தானே வெச்சிருக்கு!"

சம்பளம் கேட்கிற ஆளை அனுப்பிவிட்டு, கேட்காத ஆளை வைத்துக்கொண்டார். லிஃப்ட் தூக்கும், உருட்டாது. லாரியிலிருந்து இறங்கிய கட்டைகளைக் கடப்பாரையால் நெம்பி நெம்பித் தட்டு வரைக்கும் கொண்டுவந்தது அம்மாதான். பிறகு லீவரை இழுப்பதும், பிளந்ததைப் பொறுக்குவதும், அடுக்குவதும் அவள்தான். தூக்கும்போதாவது மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார். "தூக்கறது போச்சு, குனியறது கூடிப்போச்சு" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். நானோ பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பா எங்கள் அம்மாவுக்கு லிஃப்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்குக் கன்னடம் ஆரம்பித்தார்கள். எழுத்துகளைப் படத்தோடு போட்டிருந்த புத்தகத்தில், எகரத்துக்கு நேராக நான் பார்த்துப் பழகிய அதே சொல் இருந்தது. பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். நுகத்தடி பூட்டிய ஒரு மாடு. கன்னடத்தில் எருதுக்கும் எத்து என்றுதான் பெயர் என்று டீச்சர் சொன்னார்.

பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட குஷியில் டிப்போவுக்கு ஓடினேன். அம்மா கடப்பாரையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, லோடர் மாமா தப்பா எழுதிட்டாரும்மா! இங்க பாரு, மெஷின்ல மாடுன்னு போட்டிருக்காரு!"

அம்மா புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை. படத்தைப் பார்த்தாள். பிறகு லீவருக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தாள்.

"தப்பில்ல கண்ணு. சரியாத்தான் எழுதியிருக்காரு."

நான் விடவில்லை. டிப்போ முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இங்க மாடே இல்லையேம்மா" என்றேன்.

அம்மா அடுத்த கட்டையை உருட்டக் குனிந்தாள்.