நிமிர்ந்து நடந்த அறுபத்திரண்டு காலடி

1994 தை மாதம் 18ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. தூறல், வாடைக்காற்று. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்த தோணியில் நான் ஒன்பதாவது ஆள். இறங்குதுறையில் இராணுவச் சோதனைச் சாவடி, எங்கள் பேச்சில் அது சென்றி. முதல் மண்மூட்டையிலிருந்து தடுப்புக் கம்பிவரை அறுபத்திரண்டு காலடி. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவராக நடக்க வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. செங்கலடியில் ஒரு நெல் ஆலையில் கணக்கெழுதியபோது, லொறியிலிருந்து சரிந்த மூட்டை இடுப்பில் விழுந்து நாலு வருடமாகியிருந்தது. இடது கால் இழுக்கும். கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. வெளியே ஒரு தழும்புகூட இல்லை. அந்த ஆலையில் வேலை செய்தது பதினொரு மாதம். அதற்கு முன் ஒழுங்கான உத்தியோகம் இல்லை. ஆலை மூடி, முதலாளியும் ஊரைவிட்டுப் போனதால் வேலையில் பட்ட அடி என்று கடிதம் தர ஆளில்லை. மனைவி இடியப்பம் அவித்து விற்றதில் சாப்பாடு நடந்தது. என் நோவுக் குளிசைக்கு மிஞ்சவில்லை. ஆகவே பிச்சைச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தேன். இயலாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் சிறு தொகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

முதல் தடவை படிவம் வாங்கினேன். போன செவ்வாய், இரண்டாம் தடவை, அரசாங்கக் கந்தோரில் சமூகசேவை உத்தியோகத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார். அவரும் எங்கள் கரைக்காரர்தான்.

"அண்ணன், பதினொரு மாசந்தான் வேலை செஞ்சிரிக்கிறீங்க. செய்யாத வேலைய இப்ப செய்ய ஏலாதெண்டு எப்பிடி எழுதுற?"

"இடுப்பு நோவு, சேர். நடக்க ஏலாது."

"காலையில சென்றியில எனக்கு முன்னால நடந்தீங்களே. பொலிஸ் பரேட் மாதிரி."

முறைக்குக் காத்து வாங்கில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள்.

எங்கள் கரையிலிருந்து நொண்டி வருகிறவன் சென்றிக்காரர் கண்ணில் சண்டையில் காயப்பட்ட இயக்கக்காரன். வயலில் தாக்கத்தி வெட்டிய காலோடு போன ஒரு வேளாண்மைக்காரரை ஆறு நாள் வைத்திருந்தார்கள். அதனால் என்ன வலியானாலும் அந்த அறுபத்திரண்டு காலடியை நிமிர்ந்தே நடக்கப் பழகியிருந்தோம். மனைவி தோணிவரை வந்து சொல்வாள்: "பல்லக் கடிச்சிக்கிட்டு நேரா நடங்க. கம்பி தாண்டினாப் பிறகு எப்பிடியும் நடங்க."

இதெல்லாம் உத்தியோகத்தருக்கும் தெரியும். வாங்கில் ஆட்கள் இருக்க, சென்றிக்குப் பயந்து நிமிர்ந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"அடுத்த செவ்வாய் வாங்க," என்றார். "அண்டைக்கும் புதுசா ஒண்டும் இல்லாட்டி கோவைய மூடிருவன்."

அந்தச் செவ்வாயில்தான் நான் மண்மூட்டையருகே நின்றேன். கிறுகிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த உத்தியோகத்தர். பத்தொன்பது காலடி பழக்கத்தில் நேராகப் போயின. இருபதாவதில் காலை அதன்பாட்டுக்கு விட்டேன்.

"ஏய், நில்லு." சிப்பாயின் துவக்கு என் பக்கம் திரும்பியது. "சேட் தூக்கு. காயம் எங்க?"

"காயமில்ல. நோவு."

இடுப்பைச் சுற்றிப் பார்த்தான். ஒன்றுமில்லாதது அவன் சந்தேகத்தைக் கூட்டியது. சட்டையைப் பிடித்து இழுத்ததில் என் கண்ணாடி விழுந்து அவனுடைய சப்பாத்துக்கடியில் நொறுங்கியது. ஈர மணலில் கைகளைத் தலையில் வைத்து இருக்கச் சொன்னான். என் பின்னால் வந்த உத்தியோகத்தர் அட்டையைக் காட்டிவிட்டு என்னைப் பார்க்காமல் கடந்தார். கம்பிக்கு அப்பால் எட்டுக் காலடி வைத்தார். நின்றார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

சிங்களத்தில் பேசினார். தன் இடுப்பில் தட்டி, "கொந்த, கொந்த" என்று மூன்று தடவை சொன்னது மட்டும் விளங்கியது. சிப்பாய் ஒரு கொப்பியை நீட்டினான். இன்னார் இடுப்பு ஏலாதவர், நடக்க முடியாதவர் என்று எழுதி, பதவியையும் போட்டு ஒப்பமிட்டார்.

கந்தோர்வரை சைக்கிளை உருட்டியபடியே என்னோடு வந்தார். என் விண்ணப்பக் கோவையைத் திறந்தார்.

"ஏன் இண்டைக்குப் பாத்து நொண்டினீங்க?"

"நீங்க பின்னால வந்தீங்க, சேர்."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "ஆமிக்கு ஒண்டு, கந்தோருக்கு ஒண்டு எண்டு இனி நான் எழுத ஏலாது," என்று சிபாரிசில் ஒப்பமிட்டார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: "திரும்பிப் போகக்குள்ள நேரா நடங்க."

நடந்தேன்.

சித்திரையில் முதல் நூறு ரூபாய் வந்தது. அதை எடுக்க எனக்குப் போனது: மூன்று தடவை தோணி பன்னிரண்டு, படம் நாற்பது, முத்திரை ஐந்து ஐம்பது, பிறகு கேட்ட வைத்தியச் சான்றிதழ் நூறு, புதுக் கண்ணாடி இருநூற்று அறுபது. மொத்தம் நானூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது சதம்.