பந்திக்குப் பேர் கொடுத்தவர்கள்

எங்கள் சர்ச்சின் வெஸ்ட்ரியில், அதாவது பாதிரியார் அங்கி மாற்றிக்கொள்ளும் சின்ன அறையில், ஒரு மேசை இருந்தது. மேசையின் ஓரத்தில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு முழ நூல், நூலின் மறுமுனையில் ஒரு நீலப் பேனா. யாரும் மறதியாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அந்தக் கட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை, அதாவது கர்த்தருடைய பந்தி. அதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் சபையார் ஒவ்வொருவராக வந்து, மேசை மேல் விரித்து வைத்த நீளமான பதிவேட்டில் அந்தப் பேனாவால் கையெழுத்துப் போடுவார்கள். ‘பந்திக்குப் பேர் கொடுப்பது’ என்று இதற்குப் பெயர். பேர் கொடுக்காதவர்கள் மறுநாள் எழுந்து போய்ப் பலிபீடத்தின் முன்னால் இருக்கும் கிராதியருகே முழங்காலிட்டு அப்பம் வாங்க மாட்டார்கள். எழுதப்படாத சட்டம் அது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது எண்பதுகளில் ஆறேழு வருடம் என் வேலையாக இருந்தது. சபையின் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது.

பாதிரியாரை நாங்கள் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம். அண்ணாமலையார் கோயில் இருக்கிற ஊரில் இது எத்தனை குழப்பத்தைக் கொடுத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை எங்கள் ஐயருக்கு வந்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளை மொத்தமாகக் கொண்டுபோய் மாடவீதியில் ஒரு புரோகிதர் வீட்டில் போட்டுவிட்டார். புரோகிதரே அவற்றை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சர்ச் வாசலில் நின்று அரைமணி நேரம் மழையைப் பற்றியும் நிலக்கடலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயர் எங்கள் ஊருக்கு வந்தது நெருக்கடி நிலை அமலில் இருந்த சமயம். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனையில் அரசாளுகிறவர்களுக்காக ஒரு ஜெபம் உண்டு; அச்சிட்ட புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது வழக்கம். இவர் வாசித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடாமலே, “ஜெயில்ல இருக்கிறவங்களுக்காகவும், அவங்களுக்குச் சோறு கொண்டுபோறவங்களுக்காகவும்” என்று சேர்த்துக்கொண்டார். அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் முன்பின் தெரியாத ஒருவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கிராப்பைப் பார்த்தாலே போலீஸ்காரர் என்று தெரிந்தது. சபைச் செயலாளராக இருந்த என் தாய்மாமா அவரிடம் ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். ஐயர் இரண்டு வாரமும் அந்த ஜெபத்தை விடவில்லை.

தீபத்துக்குக் கூட்டம் வரும்போது ஐயர் சர்ச் காம்பவுண்டு கேட்டைத் திறந்துவிடுவார். மலை சுற்றி வருகிறவர்கள் எங்கள் கிணற்றடியில் தண்ணீர் குடிப்பார்கள், வேப்பமரத்தடியில் குழந்தைகளைப் படுக்கப் போடுவார்கள். முதல் வருடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவரே என் மாமாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையில் கயிறு பட்டுச் சிவக்கச் சிவக்க இறைத்தார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததை வைத்து மாமாவைக் கெட்டவராக நினைத்துவிடுவது சுலபம். ஐயருக்கு இரண்டு முறை மாற்றல் வந்தபோது, பேராயர் அலுவலகத்துக்குப் போய் வாதாடி நிறுத்தியவரும் அவரே.

எண்பதுகளில் ஒரு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பிரசங்கியார் பேசினார். நல்ல குரல், பளபளக்கும் கோட்டு. வெள்ளைத்துணி கட்டி ஸ்லைடு படம் போட்டுக் காட்டினார். அந்தத் தேசத்துச் சர்ச்சுகளில் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே தேசியக்கொடி நின்றது. தலைவர்கள் வேதாகமத்தின் மேல் கை வைத்திருந்தார்கள். அங்கே விசுவாசிகள் ஒரே கட்டாக ஓட்டுப் போடுகிறார்கள், அதனால் ஆட்சியே அவர்கள் சொன்னபடி கேட்கிறது. இந்தத் தேசத்தையும் ஒருநாள் நாம்தான் சுதந்தரிக்க, அதாவது உரிமையாக்கிக்கொள்ளப் போகிறோம் என்றார். கூட்டம் ‘ஆமென்’ என்றது. நானும்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் மாமாவின் கண் கலங்கியிருந்தது. டீக்கடையில் தனி டம்ளரில் குடித்து, தாலுகா ஆபீஸில் எங்கள் ஆட்கள் வெயிலில் நிற்க வைக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். ஆட்சி நம்முடையது என்று யாராவது சொன்னால் அவருக்கு அழுகை வராமல் என்ன செய்யும்? ஐயர் மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் ஏறிய ஒரு எறும்பை மெதுவாக விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வருடத் தீபத்துக்கு கேட்டைப் பூட்ட வேண்டும் என்று கமிட்டியில் மாமா முதல் தடவையாகப் பேசினார். ஐயர் சாவியைக் கொடுக்கவில்லை.

அப்புறம் சட்டசபைத் தேர்தல் வந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை மில் வைத்திருந்த ஒருவருக்கு ஒரு கட்சி சீட்டுக் கொடுத்தது. அவர் எங்கள் மதத்துக்காரர். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சபை முழுவதும் அவருக்குத்தான் ஓட்டு என்று ஐயர் பிரசங்கப் பீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். அந்த மில்லில் கடலை உடைக்கிற பெண்களுக்குக் கூலி உயர்த்தச் சொல்லி ஐயர் ஏற்கெனவே ஒருமுறை போய், வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டுத் திரும்பியவர். ஆனால் அதைப் பற்றி அவர் கமிட்டியில் வாயே திறக்கவில்லை. “அவர் மேல நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவர் ரொம்ப நல்லவராவே இருந்தாலும் பீடத்துல சொல்லமாட்டேன்” என்றார். மாமா, “நம்ம ஆளு ஒருத்தர் உள்ள போனா உங்களுக்கு இன்னாங்கய்யா கசக்குது?” என்று கேட்டார். பத்து வருட நட்பு அந்தக் கேள்வியோடு முடிந்துபோயிற்று.

வேட்பாளருக்குத் தன் கட்சிக்காரர்களிடம் காட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது. சபையார் கையெழுத்துப் போட்ட தாள். தனியாகக் கூட்டம் போட்டால் பத்துப் பேர் கூட வரமாட்டார்கள், ஐயரும் விடமாட்டார். ஆனால் சனிக்கிழமை பேர் கொடுக்க எல்லாரும் வருவார்கள். அந்த வாரம் ஐயரோ ஒரு கிராமத்துச் சாவுக்குப் போயிருந்தார். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில்தான் வருவார். மாமா என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, நோட்டு மேல இந்தத் தாளை வெச்சிடு. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சிட்டுப் போடட்டும். நாம யாரையும் ஏமாத்தல” என்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் கையில் இருந்தது. அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. எனக்கே ஞாபகம் இருந்தது. முழுநீளத் தாளில், கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் இன்னாரை ஒருமனதாக ஆதரிக்கிறோம் என்று மூன்று வரி, என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

ஒருவர்கூட அந்த மூன்று வரியைப் படிக்கவில்லை. வருடக்கணக்காகப் போட்டுப் பழகிய கை. மேசை அதே மேசை, பேனா அதே பேனா, பக்கத்தில் நிற்கிற வாத்தியார் அதே வாத்தியார். வந்தார்கள், குனிந்தார்கள், போட்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு வழக்கம்போல நானே எழுதினேன். அந்தக் கடலை மில்லில் வேலை செய்கிற ஒரு அம்மாவும் வந்தார். கடலைத் தோலின் செம்புழுதி நகக்கண்ணில் போகாமல் இருந்தது. “கர்த்தர் பந்திக்கு என் பேரையும் எழுதிடு கண்ணு. போன மாசம் ஜொரத்துல வர முடியாம போச்சு” என்றார். எழுதினேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை, எழுத்து நன்றாகவே வந்தது.

மொத்தம் நூற்றுப் பதினொரு பேர். என் பேரை மட்டும் நான் போடவில்லை. அரசு உதவி பெறும் பள்ளியின் வாத்தியார் கட்சித் தாளில் கையெழுத்துப் போட்டால் பின்னால் தொல்லை வரும் என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஊரையே உள்ளே தள்ளிவிட்டு நான் கரையில் நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய வேடிக்கை. தாளை அன்று சாயங்காலமே மாமா வீட்டில் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் பேர் கொடுத்த தாள் ஆராதனை முடிகிறவரை வெஸ்ட்ரியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் முறை. அந்த முறையைப் பத்துப் பேர் முன்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே மாமாதான். யோசிக்காமலே தாளைப் பதிவேட்டுக்குள் செருகி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை வழக்கமான இடத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். எத்தனை பேருக்கு அப்பம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்க, ஐயர் காலையில் வந்ததும் முதலில் எடுப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

பாட்டு எண்களை வாங்கிக்கொள்ள நான் உள்ளே போனபோது அவர் பஸ் புழுதியோடு நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், என்னைச் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“உங்க எழுத்துதானே சார்?”

“ஆமாங்கய்யா.”

“வந்தவங்க எதுக்கு வந்தாங்க?”

“பந்திக்குத்தாங்க.”

தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. “சரி, பாட்டு நம்பரைப் போட்டுடுங்க” என்று சீட்டைக் கொடுத்தார். நான் கதவைத் தாண்டும்போது அவர் பசை பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அறிவிப்பு நேரத்தில் அவர் பீடத்தில் ஏறவில்லை. இறங்கி நடுவில் வந்து நின்றார். “நேத்து நூத்திப் பன்னெண்டு பேர் பேர் கொடுத்திருக்கீங்க. நோட்டுல இல்ல, வேற ஒரு தாள்ல. அதுக்கு மேல வேற என்னமோ எழுதியிருக்குது. ஆனா நீங்க பந்திக்குத்தான் பேர் கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால அந்தத் தாளை நோட்டுலயே ஒட்டிட்டேன். ஓட்டு உங்களுது. அதை இங்க கேக்கிறதுக்கு யாருக்கும் பாத்தியதை இல்ல, எனக்கும் இல்ல” என்றார். அவ்வளவுதான். நான் முகம் எரிய உட்கார்ந்திருந்தேன். அந்த நிலையிலும் நூற்றுப் பதினொன்றை நூற்றுப் பன்னிரண்டு என்கிறாரே, எண்ணிக்கையில் கோட்டை விட்டுவிட்டாரே என்று எனக்கு ஓர் அற்பத் திருப்தி. எல்லாரும் கிராதியருகே போய் வந்தார்கள். மாமாகூடப் போனார். தட்டில் ஒரு அப்பம் மீந்தது. ஐயர் தட்டைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெள்ளைத் துணியால் மூடினார்.

ஆராதனை முடிந்ததும் மாமா வெஸ்ட்ரிக்குள் வந்து பதிவேட்டைப் பிரித்தார். தாளின் ஓரத்தில் விரலை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்திருக்கும், பசை இன்னும் ஈரம். ஆனால் அந்தப் பதிவேட்டு வரிசையில்தான் அவருடைய தாத்தா முதன்முதலாகப் பந்திக்குப் பேர் கொடுத்தார். அதிலிருந்து ஒரு தாளைக் கிழிக்க அவரால் முடியவில்லை. மூடி வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் வேட்பாளரின் கார் நின்றுகொண்டிருந்தது.

தேர்தலில் அந்த வேட்பாளர் தோற்றார். எங்கள் நூற்றுச் சொச்சம் பேரால் கூடவோ குறையவோ ஆகியிருக்காது. மாமா ஐயர் மேல் பேராயருக்குப் புகார் எழுதினார். சபையின் விருப்பத்தை மறைத்தார், ஆராதனையில் அரசியல் பேசினார் என்று. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது என்ன தாள் என்று தெரியுமா என்று என்னிடம் கேட்டார்கள். “மேல எழுதியிருந்ததுங்க” என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஐயர் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிக மோசமான காரியம் அந்த இரண்டு சொற்கள்தான்.

பள்ளிக்கூடத்துப் பரீட்சைகூட முடியவில்லை, பஸ் போகாத ஒரு கிராமத்துக்கு அவரை மாற்றினார்கள். சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்க, என்னைக் கூப்பிட்டார். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். “பேனா நூலு இத்துப்போச்சு சார். மாத்திக் கட்டிடுங்க” என்றார். மே மாதம் என் வேலை நிரந்தரமானது. அந்தக் கார்த்திகைக்கு கேட் பூட்டியிருந்தது. அப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. இறந்த செய்தி ஒரு கார்டில் வந்தது, அதற்கும் போகவில்லை.

போன மாதம் சபையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பழைய பதிவேடுகள் உதிர்கின்றன, உங்கள் கையெழுத்து நன்றாக இருக்குமே, பிரதி எடுத்துக் கொடுங்கள் என்று. இப்போது யாரும் பேர் கொடுப்பதில்லை. தேர்தல் வந்தால் எந்தச் சின்னம் என்று போனிலேயே செய்தி வந்துவிடுகிறது, அதற்கு ‘ஆமென்’ என்று பதில்களும் குவிகின்றன. வெஸ்ட்ரி மேசை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆணியும் இருக்கிறது, துருப்பிடித்து, நான் கடைசியாகக் கட்டிய நூலின் முடிச்சு மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கப்புறம் நான் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காத அந்தப் பக்கத்தை விரலே தேடிப் போயிற்று. பசை மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தது. என்னுடைய மூன்று வரிகளை அவர் அடிக்கக்கூட இல்லை. பேர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். மாமா, கடலை மில் அம்மா, பாதிக்கு மேல் போய்ச் சேர்ந்தவர்கள். நூற்றுப் பதினொன்றோடு முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, அதே நீல மையில், அவசரமாகச் சாய்த்து எழுதும் ஐயரின் எழுத்தில் இன்னொரு பேர் இருந்தது. என் பேர். தகப்பன் பேரின் முதலெழுத்தோடு, பக்கத்தில் ‘சார்’ என்றும் போட்டிருந்தார்.

அவர் எண்ணிக்கையில் தவறவில்லை. அன்று தட்டைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றது எனக்காகத்தான். நான்தான் எழுந்து போகவில்லை.