பூத்தை விட்டு எழாதவள்

ஆதிலட்சுமி என்ற பெயரைத் திலகவதி முதன்முதலில் கேட்டது, வார்டு தேர்தலுக்கு மனு கொடுத்துவிட்டு, பூத் ஏஜெண்டாக உட்கார ஓர் ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தபோது. ஆரணியை ஒட்டிய அந்த ஊரில் பாதித் தறிக்குப் பட்டு கொடுப்பவர் ஜீவானந்தம். எதிர்த்து நிற்பதும் அவரே. பகைத்துக்கொண்டு யார் வருவார்கள்?

மாமியார் ராஜம்மாள்தான் சொன்னாள்: "பாவு பிணைக்கிற ஆதிலட்சுமியக் கூப்புடு. அவ யாருக்கும் சலாம் போடமாட்டா."

பாவு பிணைப்பது என்றால், தறியில் தீரப்போகும் இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கில் இழை. நாள் முழுக்க ஒரு வீட்டில் உட்கார்ந்தால் வீட்டுக் கதை காதில் விழாமல் போகுமா? எவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள், யார் எந்த மாதம் செத்தார், எல்லாம் ஆதிலட்சுமிக்கு அத்துப்படி.

வாக்குப்பதிவன்று பள்ளிக்கூடத்தில், முக்காடு போட்ட ஒருத்தி ரங்கம்மாள் பெயருக்கான சீட்டை நீட்டினாள்.

"ரங்கம்மாளா? போன ஆடியில உன் கருமாதிச் சோறு துன்னுட்டு வந்தேனே! எப்போ எழுந்து வந்த?" என்றாள் ஆதிலட்சுமி.

வரிசை சிரித்தது. வந்தவள் நழுவினாள். அடுத்து வந்த இரண்டு கள்ள ஓட்டும் அப்படியே திரும்பின. ஜீவானந்தத்தின் மருமகன் ராஜ்குமார் ஜன்னலில் முகம் வைத்தான்.

"இன்னாமே, ரொம்பப் பேசிகினு கீற? ஜல்தியா எழுந்து போ. இல்லன்னா நடந்து வூடு போவமாட்ட."

"பெட்டிக்கு சீல் வெக்கட்டும், போறேன் தம்பி."

திலகவதி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு போலீஸ்காரர்.

மூன்று மணிக்கு ஏழெட்டுப் பேர் கட்டையோடு புகுந்தார்கள். வரிசை சிதறியது. ஒருவன் வாக்குப்பெட்டிக்குள் ஊற்றத் தண்ணீர் வாளியைத் தூக்கினான். ஆதிலட்சுமி பெட்டியின் வாயைக் கையால் பொத்தினாள். கட்டை அந்தக் கைமேல் விழுந்தது. பிறகு தண்ணீரும் விழுந்தது.

இரண்டாம் நாள் மறுவாக்குப்பதிவு என்று அறிவித்தார்கள். திலகவதி ஆதிலட்சுமியின் வீட்டுக்கு ஓடினாள். வலது கையில் மாவுக்கட்டு.

"வேணாங்க்கா. என்னால உங்களுக்கு எவ்ளோ பேஜார். வேற யாரையாவது பாக்கறேன்."

"வேற யாரும்மா வருவாங்க? கைதான் ஒடஞ்சிது. கண்ணு நல்லாத்தான கீது. மூஞ்சி பாக்க கை எதுக்கு?"

மறுவாக்குப்பதிவன்று ஆதிலட்சுமி அதே நாற்காலியில் காலையிலேயே வந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஒரு கள்ள ஓட்டும் வரவில்லை. ஆனால் நெசவுத் தெருவில் கதவுகளும் திறக்கவில்லை. வெளியே ராஜ்குமாரின் ஆட்கள் பைக்கில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். மதியம்வரை வந்தவர்களைத் திலகவதி விரல்விட்டு எண்ணினாள். முதல் நாள் வந்ததில் கால்வாசிகூடத் தேறவில்லை. "வருவாங்க, இன்னும் நேரம் கீது" என்று ஆதிலட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குச் சீல் வைத்த பிறகே எழுந்தாள். எண்ணியபோது பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜீவானந்தம் ஜெயித்தார்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது ஆதிலட்சுமிக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. மடங்கியிருந்தாலும், ஜீவானந்தத்துக்குப் பயந்து பாவு பிணைக்க யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். இப்போது அவள் சேத்துப்பட்டில் மகள் அன்புச்செல்வி வீட்டில் இருக்கிறாள்.