அசையாத முள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்குப் பெயர் ஹீலியம் அக்கா. பேராசிரியர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இந்த வேலைக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டிக்கொண்டிருந்தவள். இங்கே வந்த பதினெட்டு வருடத்தில் செய்தது ஒரே வேலை: திரவ ஹீலியத்தை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு வெளிக்காற்று படாமல் மாற்றுவது. வெளிக்காற்று உள்ளே போனால் அந்தக் குளிரில் காற்றே கல்லாகிவிடும். அவளுடைய இடது கையில் இரண்டு விரலுக்கு நகம் சரியாக வளராது. கேட்பவர்களிடம், "குளிர் கடிச்சிருச்சு. நாய் கடிச்சிருந்தா ஊசியாவது போட்டிருப்பாங்க" என்பாள்.

நிரப்பும் நாளில் அலைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். அந்த வியாழக்கிழமை மட்டும் பூட்டவில்லை. மகளுக்குத் தேர்வு முடிவு வரும் நாள்.

காந்த அளவீட்டு அறையில் நிரப்பி முடித்து, தொட்டியின் கழுத்திலிருந்து குழாயை உருவியபோது மணி அடித்தது. உருவிய கையோடு அடைப்பானைச் செருக வேண்டும். இரண்டு நொடி வேலை. அவள் பக்கத்தில் கிடந்த துணியைத் துளையில் திணித்துவிட்டு அலைபேசியை எடுத்தாள்.

"அம்மா, பாஸ்! கணக்குல தொண்ணூத்தொண்ணு!"

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பஸ் ஓட்டுறாரு, சத்தமா அழக்கூட முடியலன்னாரு."

சிரித்து முடித்து அடைப்பானைச் செருகும்போது ஒன்றரை நிமிடம் ஓடியிருந்தது. வெளியே மழை, காற்றில் ஈரம். துணி லேசாக விறைத்திருந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அறையை அடுத்த எட்டு நாளைக்கு எடுத்துக்கொண்டவனை எல்லோரும் சங்கிலி என்பார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆறு வருடமாக உழைப்பவன். கோபால்ட் அணுக்களை மணி கோத்ததுபோல் ஒரே வரிசையில் கோத்த சேர்மம் அவனுடையது. அதைக் குளிரவைத்து, காந்தப்புலத்தைக் காட்டி எல்லா அணுக்களையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டு, புலத்தை எடுத்துவிடுவான். பிறகு அந்தக் காந்தம் எவ்வளவு மெதுவாகத் தளர்கிறது என்று பார்ப்பான்.

"ஏன் தம்பி அவ்வளவு மெதுவா?" என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"நடுவுல ஒருத்தன் திரும்பணும்னா ரெண்டு பக்கத்துக்காரனையும் பகைச்சுக்கணும்க்கா. அதனால எவனும் முதல்ல திரும்ப மாட்டான். ஒருத்தன் திரும்பிட்டா போதும், அடுத்தடுத்து எல்லாரும் சாய்ஞ்சிருவாங்க."

"எங்க ஆபீஸ்தான்னு சொல்லுங்க."

அளவு எடுக்கும் நாட்களில் அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது. இரும்பு வண்டி, சாவிக்கொத்து எதுவும் கூடாது. ஹீலியம் அக்காவும் கூடாது. கதவில் சங்கிலியே எழுதி ஒட்டியிருந்தான். அவன் மட்டும் உள்ளேயே இருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தேநீர் வாங்க வெளியே வந்தவனுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, உங்க கை ராசியான கை. இந்தத் தடவை ஹீலியம் கொதிக்கவே இல்ல. கேஸ் மீட்டர் முள்ளு சைபர்லயே நிக்குது."

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"சனிக்கிழமைலேர்ந்து. ஏன்?"

எவ்வளவு நல்ல தொட்டியானாலும் ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து வாயுவாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். முள் நின்றுவிட்டால் கொதிப்பது நின்றதாக அர்த்தமில்லை. போகிற வழி நின்றுவிட்டது. கழுத்தில் பனி அடைத்திருக்கிறது. பாதுகாப்பு வால்வு அந்த அடைப்புக்கு மேலே இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டர் வாயுவாகும். உள்ளே ஐம்பது லிட்டர் இருந்தது. வெளியேற வழி கிடைக்காவிட்டால் தொட்டியே வெடிக்கும்.

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அறை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. வாயு போகும் மெல்லிய சீறல் இல்லை. கணினித் திரையில் காந்த அளவைக் காட்டும் கோடு, கண்ணுக்குத் தெரியாத சரிவில், பொறுமையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, வெளியே நில்லுங்க. கழுத்துல பனி அடைச்சிருக்கு, அத உடைக்கணும்."

"உடைச்சா?"

"உள்ள கலங்கும். சூடேறும். உங்க அளவு போயிரும்."

அவன் வாசலை மறித்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்கக்கா. மூணே நாள். அடுத்த முறை மெஷின் கிடைக்க நாலு மாசம் ஆகும். அதுக்குள்ள என் உதவித்தொகையே முடிஞ்சிரும். மீட்டர் ரிப்பேரா இருக்கலாம்ல?"

இருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் அவளுக்கும் நல்லதுதான். அடைப்பு ஏன் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வியாழக்கிழமை கழுத்த ஒன்றரை நிமிஷம் திறந்து வச்சுட்டு ஃபோன் பேசினேன். துணிதான் வச்சிருந்தேன். தப்பு என்னோடது."

அவன் அவளையே பார்த்தான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் தளம் முழுவதையும் காலி செய்யச் சொன்னாள். முகக்கவசம், கையுறை போட்டாள். நீளமான செப்புக் குழாயின் வழியே சூடான ஹீலியம் வாயுவை ஊதிக்கொண்டே, தொட்டிக்கு ஒதுங்கி நின்று, கழுத்துக்குள் அங்குலம் அங்குலமாக இறக்கினாள். குழாய் ஒரு இடத்தில் முட்டி நின்றது. கல்போல இருந்தது. அதற்குக் கீழே இருப்பதை அவள் நினைக்க விரும்பவில்லை. உள்ளங்கை வேர்த்து, கையுறைக்குள் விரல்கள் வழுக்கின. ஆறு நிமிடம். ஏழு.

பிறகு குழாய் சட்டென்று உள்ளே போனது. பெரும் இரைச்சலோடு வெள்ளைப் புகை கூரையில் மோதி அறையை மூடியது. ஆக்சிஜன் குறைந்ததற்கான மணி அலறியது. அவள் குனிந்து, சுவரைத் தடவியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள்.

அரை மணி நேரம் கழித்து, புகை அடங்கியபின் இருவரும் உள்ளே போனார்கள். கேஸ் மீட்டர் முள் துடித்துக்கொண்டிருந்தது. திரையில் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து தரையோடு கிடந்தது. பல நாள் மெதுவாக இறங்க வேண்டியது நாலு நிமிடத்தில் முடிந்திருந்தது.

"அறிக்கையில என் பேர எழுதுறேன்" என்றாள் அவள். "உங்களுக்கு மறுபடி நாள் கொடுக்கச் சொல்லியும் எழுதுறேன். கொடுப்பாங்களான்னு தெரியல."

சங்கிலி தொட்டிக்குப் பின்னால் போய், தரையில் விரித்திருந்த பாயையும் தலையணையையும் எடுத்துச் சுருட்டினான். தலையணை தொட்டியை ஒட்டியே கிடந்தது.

"ராத்திரியெல்லாம் இங்கேயேதான்க்கா படுத்திருந்தேன்" என்றான். "இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.